வளைவின் உள்தண்டவாளம்

பென்னாகரத்திலிருந்து:
பெருநகர மெட்ரோ ஒன்றில் இரவுப் பராமரிப்புக்குச் சென்றபோது பார்த்த ஒரு வளைவு என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகு, டார்ச்சைத் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். உள்தண்டவாளத்தின் தலையில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுந்தன. விரலால் தடவினால், இரண்டு மூன்று விரற்கடைக்கு ஒருமுறை மேடும் பள்ளமும் தட்டுப்பட்டன. வெளித்தண்டவாளத்திலோ மேற்பரப்பு வழவழப்பாக இருக்க, உட்பக்கவாட்டு மட்டும் சீவியெடுத்தாற்போல் தேய்ந்து, அடியில் இரும்புத்தூள் படிந்திருந்தது. இரண்டும் ஒரே நாளில் பதித்தவை. இரண்டின்மீதும் ஓடுபவை அதே ரயில்கள். காரணம் கேட்டதற்கு, “வளைவென்றால் அப்படித்தான்” என்ற பதிலே கிடைத்தது.

ஓசூரிலிருந்து:
அத்தகைய வளைவு ஒன்றை நான் நாள்தோறும் கடக்கிறேன். ஒருநாள் அங்கெழுந்த கீச்சொலியைக் கேட்டு என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மழைநாளில் மட்டும் அந்த ஒலி கேட்பதில்லை. ஓட்டுநர்கள் வேகமாகத் திருப்புவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து, ஓய்வுபெற்ற கீமேன் (தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் ரயில்வே ஊழியர்):
ஓசூர் நண்பரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வேகம் கூடினால் பாரம் வெளித்தண்டவாளத்தின் பக்கம் சாயும். வெளித்தண்டவாளத்தை உயர்த்திக் கட்டிய வளைவில் மெதுவாகச் சென்றால்தான் உள்தண்டவாளத்தின்மீது பாரம் ஏறும். முத்தம்பட்டி மலைப்பாதையில், ஊர்ந்து ஏறும் சரக்கு வண்டிகளால் உள்தண்டவாளத்தின் தலை, அடிபட்ட உளியின் தலைபோல் பிதுங்கியிருந்ததைக் கண்டு ஒரு விடியற்காலையில் நான் நின்றுவிட்டேன்.

இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியவை. தனித்தனியே சுற்ற இயலாதவை. 1435 மி.மீ. பாதையில் கால்வட்டம் திரும்பினால், வளைவு பெரிதாயினும் சிறிதாயினும், வெளித்தண்டவாளம் சுமார் 2.3 மீட்டர் கூடுதல் நீளமாகும். மிதமான வளைவில் சக்கர முகத்தின் சரிவு அதை ஈடுசெய்துவிடும். நெருக்கமான வளைவில் அது போதாமல், சக்கரத்தின் பிளாஞ்ச், அதாவது உள்ளோர விளிம்பு, வெளித்தண்டவாளத்தை உரசுகிறது. உள்சக்கரம் பிடித்துப் பிடித்து நழுவுகிறது. நீங்கள் தடவிப் பார்த்த அலைபோன்ற மேடுபள்ளமும் கீச்சொலியும் அந்த நழுவலில் பிறப்பவை. மழைநீர் உராய்வைத் தணிப்பதால் ஒலி அடங்குகிறது. மெட்ரோவில் ஒரே வகை ரயில்கள், ஒரே வேகத்தில் வந்து, ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பதால் பள்ளம் விழுந்த இடத்திலேயே மேலும் ஆழமாகிறது.

பென்னாகரம் தம்பி, முதலில் இரு தண்டவாளங்களின் உயர வேறுபாட்டை அளந்து, ரயில்கள் உண்மையில் செல்லும் வேகத்தோடு ஒப்பிடுங்கள். கிரீஸ் வெளித்தண்டவாளத்தின் உட்பக்கவாட்டில் மட்டுமே இருக்க வேண்டும். தலையில் ஏறினால் பிரேக் பிடிக்காமல் சக்கரம் வழுக்கும். அலையை அரைத்து நீக்கினாலும் காரணத்தை நீக்காவிட்டால் மீண்டும் தோன்றும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் அதன் அடியிலுள்ள ரப்பர் பட்டைகளும் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். அளவுகளைத் தேதியிட்டு எழுதிவையுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து:
ஐயா, கிரீஸ் பற்றிப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்த கிரீஸ் பெட்டியை அன்றிரவு திறந்து பார்த்தேன். உள்ளே காய்ந்த பிசுக்கு மட்டுமே இருந்தது. அது என் வேலையன்று என்று மூடிவைத்துவிட்டு வந்தேன்; பதிவேட்டில்கூட எழுதவில்லை.