அரியர் பேப்பரை மறுபடி எழுதுவதா, விடுவதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைப்பாற்றுக்காரி:

என் தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷன், அதாவது அந்த வருடப் பாடத்திட்ட விதிகள். எல்லாம் முடித்துவிட்டான், டிடிஎஸ் (டிசைன் ஆஃப் டிரான்ஸ்மிஷன் சிஸ்டம்ஸ், கியர், பெல்ட் எல்லாம் வடிவமைக்கும் பேப்பர்) மட்டும் நிற்கிறது. பாஸ் செய்வதற்கான ஏழு வருடக் கெடுவும் தாண்டிவிட்டது, சிறப்பு வாய்ப்பில்தான் எழுத வேண்டும். வீட்டில் அப்பா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

போன தடவை பரீட்சை அன்று காலையில் நானும் அவனோடு சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கையில் டேட்டா புக் (பரீட்சையில் பார்த்து எழுத விடும் அட்டவணைப் புத்தகம்), சட்டைப் பையில் ஹால் டிக்கெட். பரீட்சைக்குப் போக வேண்டிய கோவில்பட்டி வண்டி வந்ததும் நான் கை காட்டிவிட்டுத் திரும்பினால், அவன் எதிரே நின்ற விருதுநகர் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் வேலை பார்க்கும் பைக் ஷோரூம் அந்தப் பக்கம்தான். டேட்டா புக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வண்டி கிளம்பிவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான். "போன செமஸ்டர் ஹாலுக்கு மேற்பார்வைக்கு வந்த சார் யாரு தெரியுமாக்கா? என் பெஞ்ச்மேட். எம்.இ. முடிச்சுட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துட்டான். என் விடைத்தாள்ல அவன்தான் கையெழுத்துப் போட்டான். எனக்கு வேர்த்துருச்சு. அப்புறம் ஒரு கியர் கணக்கும் ஓடலை."

அவனிடம் மறுபடி எழுதச் சொல்வதா, விட்டுவிடச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி நின்றவர்கள், விட்டவர்கள், எழுதியவர்கள் யாராவது எழுதுங்கள்.

கடைசி_பெஞ்ச்_ஈசிஈ:

உங்கள் தம்பி நிலைமை புரிகிறது. என்னுடையது எம் த்ரீ, மூன்றாவது கணக்குப் பேப்பர். ஃபூரியர், பார்ஷியல் டிஃபரன்ஷியல் எல்லாம் வருமே, அதே பேப்பர். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அதில் போனது.

ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் போட்டோகாப்பிக்குப் போட்டேன். அப்போது ஒரு பேப்பருக்கு 300 ரூபாய், ரீவேல்யுவேஷனுக்கு, அதாவது மறுபடி திருத்துவதற்கு, 400. நகலை எடுத்துக்கொண்டு எங்கள் கணக்கு மேடத்திடம் போனேன். நின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஹாஃப் ரேஞ்ச் கொசைன் சீரிஸ் கணக்கு, 16 மார்க். இன்டக்ரேஷனில் ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்தது, மற்ற ஸ்டெப் எல்லாம் சரி. போட்டிருந்தது 4.

"இதுக்கு நான் 10 போட்டிருப்பேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வரியிலேயே, "ஆனா நீ ரீவேல்யுவேஷன் போடாதே. அடுத்த தடவை எழுதி எடுத்துடு. நீ எழுதினா வரும்" என்று சொல்லி நகலை மடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் போடவில்லை. அடுத்த செமஸ்டரில் எழுதினேன், பாஸ். ஆனால் என்னைப்போலவே மார்க் வாங்கியிருந்த பக்கத்து ரூம் பையன் ரீவேல்யுவேஷன் போட்டு அதிலேயே தாண்டிவிட்டான். வளாக நேர்காணலுக்கு ஒரு கம்பெனி வந்தபோது அவனுக்கு ஸ்டாண்டிங் அரியர் (அன்றைக்குப் பாஸ் ஆகாமல் நிற்கும் பேப்பர்) இல்லை, எனக்கு இருந்தது. அவன் உள்ளே போனான். மேடம் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். 10 போட்டிருப்பேன் என்று சொன்னவர் ஏன் போடாதே என்றார்?

கணக்குப்பிள்ளை:

மேடம் சொன்னது சரிதான். ரீவேல்யுவேஷனை நம்பி உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் முடிவு வருவதற்குள் அடுத்த பரீட்சைக்குக் கட்டணம் கட்டும் தேதி தாண்டிவிடும். மார்க் ஏறும் என்று கட்டாமல் இருந்தால் அரை வருடம் போச்சு. எனக்கு அப்படித்தான் ஒரு செமஸ்டர் போனது. என் கதை அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. முதலில் தம்பியின் இன்டர்னல் மார்க், அதாவது கல்லூரியே போடும் மார்க், என்ன என்று பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. 2013 ரெகுலேஷனில் இன்டர்னல் 20, யுனிவர்சிட்டி பரீட்சை 100க்கு எழுதி 80க்குச் சுருக்குவார்கள். இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், பரீட்சையில் மட்டும் 45 சதவீதமாவது வர வேண்டும். இன்டர்னல் 18 இருக்கிறவனுக்குப் பரீட்சையில் 45 எடுத்தால் போதும். இன்டர்னல் 5 இருக்கிறவனுக்கு 80க்கு 45 வேண்டும், அதாவது 100க்கு 57 எடுக்க வேண்டும். ஒரே ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பேப்பரை எழுதும் இரண்டு பேருக்கு இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் மூன்றாவது தடவையிலிருந்து அந்தப் பழைய இன்டர்னல் இழுக்காது. இரண்டையும் கூட்டிப் பாஸ் வரவில்லை என்றாலும், பரீட்சையில் மட்டும் பாதி எடுத்தால் பாஸ் என்பது அதே ரெகுலேஷனில் இருக்கிறது. இது தெரியாமல், "எனக்கு இன்டர்னல் இல்லை, நான் எத்தனை எழுதினாலும் வராது" என்று விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும். தம்பி அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

டிடிஎஸ் எழுதத் தெரிந்தால் வரும் பேப்பர். ஸ்பர் கியர், ஹெலிக்கல் கியர், கியர் பாக்ஸ், பெல்ட், கிளட்ச், பிரேக் என்று யூனிட்டுக்கு ஒரு கேள்வி வரும். இரண்டு யூனிட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு மூன்றாவதில் பாதி ஸ்டெப் எழுதினால் போதும். கியர் பாக்ஸில் ரே டயகிராம், கைனமேட்டிக் லேஅவுட் என்ற இரண்டு படத்தையும் போட்டாலே மார்க் விழும். டூ மார்க்கை விடவே கூடாது, பத்துக் கேள்விக்கு 20 மார்க். ஷோரூம் வேலைக்கு ஒரு மாதம் லீவ் எல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

இன்னொன்று. ஒரு பேப்பர் நின்றாலும் கையில் டிகிரி கிடையாது. நான்கு வருடம் படித்தவரும் பேப்பரில் பிளஸ் டூதான். குரூப் 2 எழுத முடியாது. வளைகுடாவில் இன்ஜினியர் விசாவுக்கு அட்டெஸ்டேஷன் செய்ய சர்டிபிகேட் இருக்காது. 50 பேப்பர் பாஸ் செய்தவன் ஒன்றுக்காக எல்லாவற்றையும் விடலாமா?

வைப்பாற்றுக்காரி:

அவனுக்கு இன்டர்னல் 9. அந்த மூன்றாவது தடவை விதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அதற்கு நன்றி. ஆனால் அவனுக்குக் கணக்கு வராதது பிரச்சினை இல்லை சார். அந்த ஹாலுக்குள் போவதுதான்.

ஹால்_டியூட்டி:

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். டேட்டா புக் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கெடு முடிந்து பல வருடம் ஆனவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் 2021இல் சிறப்பு வாய்ப்புக் கொடுத்தது நினைவிருக்கும். தனியாக 5,000 ரூபாய் கட்டணம். 20 வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள்கூட வந்தார்கள். அப்படி ஒருவர் டிசைன் பேப்பர் எழுத என் ஹாலுக்கு வந்தார். நரை, வாசிக்கிற கண்ணாடி, விரல் நகங்களில் கிரீஸ் கறை. ஓசூரில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன் என்றார். என்னைவிட மூத்தவர், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை என்னை சார் என்றார்.

டேட்டா புக்கைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும். அவருடையது பழைய பிஎஸ்ஜி டேட்டா புக், அட்டை போய் பைண்ட் செய்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. பட்டறையில் தினமும் பார்த்துப் பார்த்து எழுதியவை. எந்த ஸ்டீலுக்கு எவ்வளவு, எந்த மாட்யூலுக்கு எந்தக் கட்டர் என்று. அவர் காப்பியடிக்க எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்து இருக்கும் புத்தகத்தை அனுமதிக்க முடியாது. வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, நூலகப் பிரதியைக் கொடுத்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றார். ஆனால் மூன்று மணி நேரமும் அந்தப் புதுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். தன் புத்தகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தை எடுத்திருப்பார். அவ்வப்போது என் மேஜையைப் பார்த்தார். அந்த முகம் போகவே மாட்டேன் என்கிறது. பாஸ் ஆனாரா என்று எனக்குத் தெரியாது. தினமும் கியர் வெட்டுகிறவருக்குக் கியர் டிசைன் தெரியாதென்று ஒரு பேப்பர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா, உங்கள் தம்பிக்கு: எங்களுக்குள் ஹால் டியூட்டியை மாற்றிக்கொள்வது அன்றாடம் நடப்பது. அந்த நண்பரிடம், "அன்னைக்கு அந்த ஹால் வேணாம்டா" என்று ஒரு போன் செய்தால் போதும். அந்தப் பையனுக்கும் அன்று சங்கடமாகத்தான் இருந்திருக்கும். என் வகுப்புத் தோழன் ஒருவன் விடைத்தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தலையைத் தூக்கவே முடியவில்லை.

வடமராட்சி:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அரியர் என்ற பெயர் இல்லை, ரிப்பீற் என்போம். இங்கே பிரச்சினை கொஞ்சம் வேறு. பல பீடங்களில் ரிப்பீற் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி-க்கு மேல் போடமாட்டார்கள். ஆகவே சி மைனஸ் வந்தவருக்குத்தான் பெரிய யோசனை. மறுபடி எழுதினால் 1.7 என்ற கிரேட் புள்ளி 2.0 ஆகும், அவ்வளவுதான். அதற்காக அடுத்த பட்ச்சோடு போய் இருக்க வேண்டும்.

நான் புள்ளிவிபரவியல் ரிப்பீற் செய்தேன். பரீட்சைக்கு முதல் ஜூனியர் பெடியள் குப்பி, அதாவது மாணவர்கள் தங்களுக்குள் படிப்பிக்கும் வகுப்பு, வைத்தார்கள். நானும் பின்வரிசையில் போய் இருந்தேன். நோட்ஸ் பிரதி ஒன்று கைமாறி வந்தது. பார்த்தால் என்னுடைய கையெழுத்து. முதல் வருடத்தில் என் பட்ச்சுக்குக் குப்பி எடுத்தவனே நான்தான், அந்த நோட்ஸ் கொப்பிக்குக் கொப்பி பிரதியாகி இவர்களிடம் வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த தங்கச்சி, "நல்ல நோட்ஸ் அண்ணை, யாரோ சீனியர் எழுதினதாம்" என்றாள். நான் எழுதினது என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு விரிவுரையாளர் ஒருவர் கன்ரீனில் கண்டுவிட்டு, "நீர் ஏன் இந்த பட்ச்சோட இருக்கிறீர்?" என்றார். அதைக்கூட மறந்துவிட்டேன். தங்கச்சி சொன்னதுதான் நிற்கிறது. சி வந்தது. எழுதினது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அந்தப் பாடத்தை இரண்டாம் தரம் படித்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

லேத்_பட்டறை:

கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேப்பரில் பிளஸ் டூதான் என்கிறீர்கள். நான் அப்படித்தான் இருக்கிறேன். என்னிடம் பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் பி.இ. முடித்தவர்களும் உண்டு. எனக்கு மூன்று பேப்பர் நின்றது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பட்டறையை நான் எடுத்துக்கொண்டேன். பரீட்சை எழுதப் போகவில்லை. அதை யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

உறுத்துவது ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த இடத்தில் புரூஃப் காட்டினார்கள். அச்சகக்காரர் பேனாவோடு, "மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி பி.இ. போட்டிருக்கேன், சரிதானே?" என்றார். அப்பா வாய் திறப்பதற்குள் நான், "வேண்டாம், எடுத்துடுங்க" என்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த மாதிரிப் பத்திரிகைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொன்றாக, ஓரம் தட்டி, ரொம்ப நேரம் அடுக்கினார். வழியெல்லாம் பேசவில்லை.

அன்று அப்பா, "போடுங்க, என்ன இப்போ" என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் எதுவும் சொல்லாததால்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் விட்டவர்கள் எல்லாரும் வீணாகப் போனவர்கள் மாதிரி எழுதாதீர்கள் சார்.

கணக்குப்பிள்ளை:

அப்படி நான் எழுதவில்லை நண்பரே. உங்களுக்குப் பட்டறை இருந்தது. ஷோரூமில் சம்பளத்துக்கு நிற்கும் பையனுக்கு நாளை மேனேஜர் மாறினால் அடுத்த இடத்தில் முதலில் கேட்பது சர்டிபிகேட்தான். அதனால்தான் சொன்னேன். யோசித்து விடுவது வேறு, ஒரு முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு விடுவது வேறு.

கிருஷ்ணகிரி_ஹாஸ்டல்:

கட்டணம் கட்டுவதைப் பற்றி ஒன்று. 2020 ஆகஸ்ட் 26, கொரோனாவால் அரியருக்குப் பணம் கட்டியிருந்த எல்லாருக்கும் பாஸ் என்று அப்போதைய முதலமைச்சர் அறிவித்த அன்று, என் ரூம்மேட் போன் செய்தான். "நீ எல்லாத்துக்கும் கட்டினியா?" என்றுதான் முதலில் கேட்டான். நான் நின்ற அத்தனை பேப்பருக்கும் கட்டியிருந்தேன். படிக்காததற்கும் சேர்த்து. அவன் ஒழுங்காகப் படித்து வைத்திருந்த இரண்டு பேப்பருக்கு மட்டும் கட்டியிருந்தான், மற்றதற்கு அடுத்த தடவை படித்துவிட்டுக் கட்டுகிறேன் என்று. ஒரு பேப்பருக்கு 150 ரூபாய், அவன் வீட்டில் அதுவும் யோசித்துச் செலவு செய்ய வேண்டிய பணம்.

"கட்டினேன்டா" என்றேன். "சூப்பர்டா, ட்ரீட் வை" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அந்தச் சிரிப்புதான். அப்புறம் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்கவில்லை, வழக்கு உயர் நீதிமன்றம் போனது என்று என்னென்னவோ நடந்தது. எது எப்படியோ, அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அவன் பிறகு மீதியை எழுதித்தான் முடித்தான். அவன் பாஸை யாரும் கொரோனா பாஸ் என்று சொல்ல முடியாது, என்னைச் சொன்னார்கள்.

அக்கா, தம்பி எழுதுவாரா மாட்டாரா என்பதைப் பரீட்சைக்கு முதல் நாள்கூட முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் கட்டணத்தைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் கட்டுங்கள். கல்லூரி அலுவலகத்தில் தேதி கேட்கும்போது, 2013 ரெகுலேஷனுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.