மோன்-சான்-மிஷெலைச் சுற்றித் தண்ணீர் பார்க்க வேண்டும், ஒரே நாளில் முடியுமா?

பரங்கிப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். புரட்டாசியில் 12 நாள் பிரான்ஸ் போகிறோம். நான், மனைவி, 67 வயது அம்மா. கடலுக்கு நடுவில் பாறை, அதன் உச்சியில் மடாலயம் இருக்கிற மோன்-சான்-மிஷெல் படத்தை அம்மா ஒரு காலண்டரில் பார்த்தார்கள். அன்றிலிருந்து அதைத்தான் பார்க்கணும் என்கிறார்கள்.

பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து காலை ரயிலில் ரென் நகரம், அங்கிருந்து பஸ். மடாலயத்துக்கு மதியம் 1 மணி டிக்கெட், சாயங்காலமே திரும்பும் ரயில். எல்லாம் எடுத்தாகிவிட்டது. நேற்றுதான் கடல் ஏற்ற அட்டவணை (கடல்நீர் எப்போது உயரும் என்று சொல்வது) ஒன்று கண்ணில் பட்டது. நாங்கள் போகிற வியாழக்கிழமை பிற்பகல் 1.50-க்கு ஏற்றம் என்று போட்டு, பக்கத்தில் 31 என்று ஒரு எண் இருக்கிறது. அந்த நேரத்தில் நாங்கள் அங்கேதான் இருப்போம். தண்ணீர் சுற்றி நிற்குமா? அந்த 31 என்ன கணக்கு? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, படி எத்தனை என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரென்_நகரவாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து பதினைஞ்சு வருசம். ரயில் டிக்கெட்டை உடனே மாத்தப் பாருங்கோ. 31 எண்டால் தண்ணியே வராது.

அந்த எண்ணை இஞ்ச 'கோஎஃபிசியான்' எண்டு சொல்லுவினம். 20-இல இருந்து 120 வரைக்கும் போகும். ஏற்றம் எவ்வளவு பலமாய் வரும் எண்டதுக்கான அளவு அது. 90-ஐத் தாண்டினால்தான் பாறையடியில பாக்கிறமாதிரி தண்ணி நிக்கும். 110-க்கு மேல போனால் கொஞ்ச நேரம் முழுத் தீவாகிடும், பாறைக்குப் போற பாலத்தின்ர கடைசித் துண்டும் தண்ணிக்குள்ள போயிடும். ஆனால் அது வருசத்தில கொஞ்ச நாள்தான். 90-க்குக் கீழ வாற நாளெல்லாம் கண்ணுக்கெட்டின தூரத்துக்குச் சேறும் மணலும்தான்.

இன்னொண்டு. இந்த விரிகுடாவில பெரிய ஏற்றம் எப்பவும் காலமையும் இரவும்தான் வரும். செப்டம்பரில எண்டால் எட்டு, ஒன்பது மணி வாக்கில. மத்தியானத்தில வாற ஏற்றம் எப்பவும் சின்னன். அதால பாரிஸில இருந்து காலமை வந்து பின்னேரம் திரும்பிற ஆக்கள் தண்ணியைக் காணமாட்டினம். ஒரு இரவு தங்குங்கோ.

பரங்கிப்பேட்டைக்காரன்

நல்லவேளை கேட்டேன். மிக்க நன்றி. எந்த நாள் பெரிய ஏற்றம் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரெஞ்சு அட்டவணை எனக்குப் புரியவில்லை.

ஊர்சுற்றி_மதுரை

அதுக்கு நம்ம தினசரி காலண்டரே போதும் சார். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றரை, இரண்டு நாளில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி ரொம்பக் குறைவு. நீங்கள் எடுத்திருப்பது அஷ்டமிக்கு அடுத்த நாள், அதனால்தான் 31. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகிற சமயத்தை ஒட்டி வருகிற அமாவாசை, பௌர்ணமிதான் வருடத்தின் பெரிய ஏற்றங்களைக் கொண்டுவரும். மகாளய அமாவாசை அந்த நேரத்தில்தானே வருகிறது! அதற்கு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நாளை இப்படிக் குறித்துக்கொண்டு, எண்ணையும் மணியையும் மட்டும் அந்த ஊர் சுற்றுலா அலுவலக அட்டவணையில் சரிபார்த்துவிடுங்கள்.

கல்வெட்டுக்காதலி

நான் என் மாமியாரோடு போனதால் படி விஷயம் சொல்கிறேன். மடாலயம் வரை ஏறக்குறைய 350 படி. எல்லாம் கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும், ஈரமானால் வழுக்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பாறை இரண்டரை கிலோமீட்டர். இலவச பஸ் உண்டு, ஆனால் அது வாசல் வரை போகாது, கடைசி 350 மீட்டர் நடக்க வேண்டும்.

அம்மாவை உச்சிவரை இழுக்காதீர்கள். கடைத்தெருவில் ஏறும்போது வழியில் புனித பேதுரு கோயில் வரும். வாசலில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை நிற்கும். உள்ளே அமைதி, உட்கார பெஞ்சு. மாமியார் அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இருந்துகொண்டார், நாங்கள் மாறி மாறி மேலே போய் வந்தோம்.

மேலே போகிறவர்கள் 13ஆம் நூற்றாண்டுத் தூண் முற்றத்தோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு அறையில் ஆளைவிடப் பெரிய மரச்சக்கரம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1863 வரை இந்த மடாலயம் சிறைச்சாலை. கைதிகள் அந்தச் சக்கரத்துக்குள் நடந்து நடந்துதான் கீழேயிருந்து சரக்கை மேலே இழுத்தார்கள். அதன் முன்னால் நின்றபோது என்னால் பேச முடியவில்லை. செப்டம்பரில் மாலை 6-க்கு மூடிவிடுவார்கள், கடைசி நுழைவு 5 மணி.

ரென்_நகரவாசி

அக்கா சொன்னது சரி. தண்ணி பாக்க மேல ஏறத் தேவையில்லை. குவேனோன் ஆத்து அணைக்கட்டில பார்வைமேடை இருக்கு, பாறை நேர எதிரில தெரியும். கிட்டவே விடுதிகளும் இருக்கு. ஏற்றத்துக்கு ரெண்டு மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கோ, தண்ணி வாறதைப் பாக்கிறதுதான் விசேசம். ஒண்டு மட்டும்: வழிகாட்டி இல்லாமல் மணலில இறங்கவே கூடாது. கால் புதையிற இடம் இருக்கு, தண்ணியும் பின்பக்கத்தால சுத்தி வந்திடும்.

பரங்கிப்பேட்டைக்காரன்

போய் வந்துவிட்டோம். நீங்கள் எல்லோரும் சொல்லாவிட்டால் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

ரயில் டிக்கெட்டைக் கூடுதல் காசு கட்டி மாற்றினேன். அமாவாசைக்கு இரண்டாம் நாள், எண் 102, இரவு 8.50-க்கு ஏற்றம். மத்தியானமே பாறைக்குப் போனோம். அம்மா பேதுரு கோயிலில் இருந்துகொண்டார்கள், நாங்கள் மேலே போய்ச் சக்கரத்தைப் பார்த்தோம். ஆறரை மணிக்கெல்லாம் அணைக்கட்டுக்கு வந்துவிட்டோம்.

முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈர மணல். பிறகு தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சத்தம்தான் முன்னால் வந்தது, அரிசி புடைக்கிற மாதிரி. அப்புறம் ஆறு கடலை நோக்கி ஓடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து ஏற ஆரம்பித்தது, முன்னால் முழங்கால் உயரத்துக்கு நுரை. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். இங்கே பெரிய நாளில் 14 மீட்டர் வரை போகுமாம். வெள்ளாற்று முகத்துவாரத்தையே பார்த்து வளர்ந்த அம்மா கைப்பிடிச் சுவரை விடவே இல்லை. "ஆறு பின்னாடி நடக்குதுடா" என்றார்கள்.

இருட்டியதும் மடாலயத்தில் விளக்குப் போட்டார்கள். தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோபுரம். பத்து மணி வரை அங்கேதான் இருந்தோம்.