கல்டிபேக்கரா, ரோலரா? மான் தீவனப் பயிருக்கு மண் அமுக்கிய அனுபவங்கள்

வடக்கு மிச்சிகன்:
போன ஆகஸ்ட்டில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மான்கள் மேய வரட்டும் என்று நான் விதைக்கும் நிலம் ஒன்றரை ஏக்கர், மணல் கலந்த மண். டிஸ்க் கலப்பை ஓட்டி மாவு மாதிரி ஆக்கி, வெள்ளைக் குளோவர் என்ற தீவனப் பயிரின் விதையைத் தூவினேன். பழைய வேலிக் கம்பிவலையை ஏ.டி.வி.யில், அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சின்ன நான்கு சக்கர வண்டியில், கட்டி இழுத்து மூடினேன். ஒரு மழையும் பெய்தது. மூன்று வாரம் கழித்துப் போனால் நிலம் முழுக்க வெறும் மண். ஏ.டி.வி. கடைசியாக வெளியே வந்த தடத்தில் மட்டும் இரண்டு பச்சைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல, கேட் வரைக்கும். மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தேன். தடத்தில் மண் கெட்டியாக, ஈரமாக இருந்தது. ஒரு சாண் தள்ளி விரலை வைத்தால் இரண்டாம் கணு வரை இறங்குகிறது, உள்ளே காய்ந்த புழுதி. அங்கேயும் அதே விதைதான் விழுந்தது.

இந்த வருடம் அமுக்காமல் விதைக்கப் போவதில்லை. பல் வைத்த இரும்புச் சக்கரங்களை வரிசையாகக் கோர்த்த கல்டிபேக்கரா, வழவழப்பான ரோலரா, நீங்கள் எதை வைத்து அமுக்கினீர்கள், என்ன ஆனது?

ஓஹாயோ களிமண்:
நான் வாங்கியது உள்ளே தண்ணீர் நிரப்பிப் புல்தரையில் உருட்டும் ரோலர். விலை குறைவு, ஏ.டி.வி.யே இழுக்கும். உருட்டி முடித்ததும் நிலம் கேரம் போர்டு மாதிரி இருந்தது, அவ்வளவு திருப்தி. அன்று இரவே இடி மழை. அப்புறம் நான்கு நாள் வெயில். மேல்மண் ஓடு கட்டிவிட்டது. பத்தாம் நாள் ஒரு ஓட்டுத் துண்டைப் பெயர்த்துத் திருப்பினேன். அடியில் வெளுத்த முளைகள், தலை முட்டி மடங்கி, வெளிச்சம் தேடிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

விஸ்கான்சின் மேட்டுநிலம்:
ஓஹாயோ நண்பரே, ரோலரைக் குறை சொல்லாதீர்கள். களிமண்ணை எதை வைத்து வழவழப்பாக உருட்டினாலும் ஓடுதான் கட்டும். மணலில் அதே ரோலர் நன்றாக வேலை செய்யும்.

என் கதை சின்னது. பண்ணை ஏலத்தில் எட்டடி வார்ப்பிரும்புக் கல்டிபேக்கர் எடுத்தேன். டிரெய்லர் வாடகையை மிச்சம் பிடிக்கச் சரளைச் சாலையிலேயே இழுத்து வந்தேன். வீட்டு வளைவில் 'டங்' என்று ஒரு சத்தம், ஒரு சக்கரம் இரண்டாகப் பிளந்தது. பெரியப்பா காலத்து இரும்பை நான் உடைத்துவிட்டேன் என்பது போல ஒரு துக்கம்.

சரி, வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன். பழையது என்றால் ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். பல பழைய பேக்கர்களில் பேரிங் மரத்தால் ஆனது, எண்ணெயில் ஊறிய மேப்பிள். தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றிவிடலாம். இன்னொன்று, விதைத்த பிறகு மட்டும் அமுக்குகிறார்கள், அதுதான் தவறு. டிஸ்க் ஓட்டியதும் ஒருமுறை அமுக்குங்கள். பூட்ஸ் தடம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அப்புறம் விதை, அப்புறம் இன்னொரு முறை. முதல் ஓட்டத்தில் விழும் வரிப்பள்ளத்தில் விதை உருண்டு போய் உட்காரும், இரண்டாம் ஓட்டம் அதை மூடும். குளோவருக்குக் கால் அங்குல ஆழமே அதிகபட்சம். வெள்ளைக் குளோவர் என்றால் ஒரு பவுண்டில் சுமார் 8 லட்சம் விதை, அவ்வளவு பொடிசு. வேலிவலை இழுத்தால் பாதி விதை ஆழத்தில் புதைந்துவிடும். ஓட்ஸ், கோதுமை வேறு கதை, ஓர் அங்குலம் வரை போகலாம். அவற்றைத் தூவி, லேசாக டிஸ்க் ஓட்டி, கடைசியில் அமுக்கினால் போதும்.

ஜார்ஜியா செம்மண்:
விஸ்கான்சின் அண்ணா, இரண்டு ஓட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒருவர் சொன்னதை நம்பித்தான் போன அக்டோபரில் மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஈரம் காயாத நிலத்தில் இறங்கினேன். முதல் ஓட்டம் சரியாக இருந்தது. விதைத்துவிட்டு இரண்டாம் ஓட்டத்தில் இருபதடி போவதற்குள் பல்லிடுக்கெல்லாம் மண் அப்பிச் சக்கரம் ஒரே உருளையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பாத்தி பாத்தியாக மேல்மண்ணைக் காணோம், விதையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இருட்டும் வரை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். சுரண்டி எடுத்த ஒவ்வொரு கட்டியிலும் கிரிம்சன் குளோவர் விதை மஞ்சளாக மின்னியது. மண்ணைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாவிட்டால் அன்று பேக்கரை வெளியே எடுக்காதீர்கள்.

பென்சில்வேனியா:
அமுக்கவே வேண்டாம் என்பேன். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் உறைந்து உருகி வெடிக்கும் நிலத்தின்மேல் குளோவரைத் தூவினால் அந்த வெடிப்பே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊரில் அப்பா மானாவாரிக் காட்டில் தினை தூவிவிட்டு முள்கொப்பைக் கட்டி இழுப்பார். அவரிடம் ரோலர் ஏது?

வடக்கு மிச்சிகன்:
பென்சில்வேனியா நண்பரே, எனக்கு மார்ச்சில் நிலத்துக்குப் போகவே முடியாது, பனி இடுப்பளவு. பல் வைத்த பேக்கரே எடுக்கிறேன், ஆனால் ஏ.டி.வி. இழுக்கும் ஆறடி. விஸ்கான்சின் சொன்ன பூட்ஸ் தடம், ஜார்ஜியா சொன்ன உருண்டை, இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். இரண்டு கோடும் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. ஒரு பெட்டை மான் குட்டியோடு ஒரு கோட்டில் மேய்ந்துகொண்டே நடந்து போனது, கேட் வரைக்கும்.