வீட்டுக்குள் குஞ்சுப் புரூடர்: நெடி தாங்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

கொல்லைப்புறம்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் வாடகை வீடு. இன்குபேட்டரில் பொரித்த 25 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள், இன்றோடு 18 நாள். ஐப்பசி மழை விடாததால் கொல்லைக்கு மாற்ற முடியவில்லை. ஹால் மூலையில் பிரிட்ஜ் அட்டைப்பெட்டியை 3 அடிக்கு 2 அடியாக வெட்டி, சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன். இதுதான் என் புரூடர்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது வாசல் கதவைத் திறந்தாலே கண் கரிக்கிறது. காலையும் மாலையும் செய்தித்தாள் மாற்றுகிறேன். அரை மணி நேரத்தில் தண்ணீரைச் சிந்தி, அதையே மிதித்துச் சகதியாக்கிவிடுகின்றன. மாமியாருக்கு வீசிங் உண்டு. நேற்று ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குஞ்சுகளைக் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சாம்பிராணி போடலாமா? தீவனக் கடையில் சுண்ணாம்புத்தூள் தூவச் சொன்னார்கள்.

உமிமூட்டை:
செய்தித்தாளை விட்டுவிட்டு உமிக்கு மாறுங்கள். தாள் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. வழுக்குகிற தாளில் குஞ்சுக்குக் கால் அகன்றுபோகிற ஆபத்தும் உண்டு.

செவலைக்கோழி:
தங்கச்சி, முதலில் இன்றைக்கே புரூடரை ஹாலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாரல் அடிக்காத தாழ்வாரம் இருந்தால் அங்கே வையுங்கள். சாம்பிராணிப் புகை குஞ்சுக்கும் ஆகாது, வீசிங் உள்ளவருக்கும் ஆகாது.

சுண்ணாம்பும் வேண்டாம். கண்ணைக் கரிப்பது அமோனியா. எச்சத்தில் இருக்கிற யூரிக் அமிலத்தை, ஈரத்தில் பெருகும் பாக்டீரியா உடைக்கும்போது வருகிறது. ஈர எச்சத்தில் சுண்ணாம்பின் காரம் பட்டால் நெடி இன்னும் கிளம்பும். தூள் குஞ்சின் கண்ணிலும் விழும்.

நான் ஏழு வருஷமாக மழைக்காலத்தில் வீட்டுக்குள்தான் குஞ்சு வளர்க்கிறேன். என் அனுபவத்தில் நாற்றத்துக்குக் காரணம் எச்சத்தைவிடத் தண்ணீர்தான். பழைய அலுமினியத் தட்டின் மேல் அரை அங்குலக் கம்பி வலையை மடித்து வைத்து, வலை மேல் தண்ணீர்க் குடுவையை வையுங்கள். சிந்துவது தட்டில் விழும், கால் அதில் படாது. குடுவையின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர, அடியில் ஓட்டுத்துண்டு கொடுத்து உயர்த்திக்கொண்டே போங்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் இல்லை.

அப்புறம் இடம். உங்கள் பெட்டி 6 சதுர அடி. இந்த வயதுக்கு ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடியாவது வேண்டும். தகரத்தை 4 அடி விட்டத்தில் வட்டமாக வளைத்தால் 12 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். மூலை இல்லாததால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்காது. அடியில் பழைய பிளெக்ஸ் பேனர், அதன் மேல் 2 அங்குலம் காய்ந்த உமி. உங்கள் ஊரில் அரிசி ஆலைக்கா பஞ்சம்! ஆனால் மழையில் நனைந்த மூட்டையை வாங்காதீர்கள், பூஞ்சை பிடித்த உமி குஞ்சின் நுரையீரலைக் கெடுக்கும்.

தினமும் காலையில் உமியைக் கிளறிவிட்டு, அடையாகக் கட்டியதை மட்டும் அள்ளுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அப்படியே முட்டி போட்டு, குஞ்சு நிற்கிற உயரத்துக்கு முகத்தை இறக்கி மூச்சு இழுங்கள். நமக்கு நின்றபடி லேசாகத் தெரிகிற நெடியில்தான் அவை ராப்பகலாக மூச்சு விடுகின்றன.

உமிமூட்டை:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஈர உமியில்தான் அது அதிகம் பரவும். குடுவையைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், சால்மோனெல்லா கிருமி பரவலாம். கொல்லைக் குழாயில் கழுவி, கைக்கு சோப்பு போடுங்கள்.

கொல்லைப்புறம்:
ஐந்து நாள் ஆகிறது. அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கினேன். அடி அட்டை ஊறி, சிவப்புத் தரையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. மேலே தாளை மாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, அடியில் பார்க்கவே இல்லை. இப்போது பின்தாழ்வாரத்தில் தகர வட்டம், உமி, தட்டு, வலை. கிட்டே போனால் உமி வாசம்தான் வருகிறது. மாமியார் இரண்டு ராத்திரியாகப் படுத்துத் தூங்குகிறார்.

ஒரு சந்தேகம் அக்கா. இரண்டு குஞ்சுக்கு விரல் நுனியில் எச்சம் கல் மாதிரி காய்ந்து உருண்டு நிற்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

செவலைக்கோழி:
பிய்க்காதீர்கள், நகமும் சேர்ந்து வந்துவிடும். கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் காலை மட்டும் சில நிமிஷம் நனையவிடுங்கள். ஊறியதும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிட்டு, துணியால் ஒற்றி, காலும் வயிறும் நன்றாகக் காயும்வரை பல்புக்குப் பக்கத்தில் விடுங்கள்.