ஸ்பிரிங்க்ளர் பைப்பின் ஹேங்கர் அளவு சரி, ஆனாலும் கடைசி ஹேங்கரை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். ஏன்?

புதுசைட்:
வணக்கம். ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் (தீயை அணைக்கத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) வேலை, என்எஃப்பிஏ 13 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி. ஹெட்டுகளுக்கு, அதாவது தெளிக்கும் முனைகளுக்கு, தண்ணீர் கொண்டுபோகும் பிராஞ்ச் பைப் எல்லாம் 1 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய ஸ்டீல்). பைப்பை ஸ்லாப்பிலிருந்து தொங்கவிடும் ஹேங்கருக்கு ஹேங்கர் 3 மீட்டர் விட்டிருக்கிறேன். டேபிளில் 12 அடி, அதாவது 3.66 மீட்டர் வரை போகலாம். கடைசி ஹேங்கரிலிருந்து கடைசி ஹெட் 750 மி.மீ. அதற்கும் 36 இன்ச் வரை அனுமதி உண்டு. கன்சல்டன்ட் வந்தவர், ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே தெரியும் பெண்டன்ட்டை (கீழ்நோக்கித் தொங்கும் ஹெட்) ஒரு குச்சியால் மெல்லத் தள்ளினார். ஹெட், சீலிங் ஓட்டையை மூடும் ரோசெட் வளையத்துக்குள் முக்கால் இன்ச் ஏறிவிட்டது. "கடைசி ஹேங்கர் எல்லாவற்றையும் மாற்று" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எடையைத் தாங்குகிறதே, என்ன தப்பு?

பழைய ஃபிட்டர்:
நான் கண்ணை மூடிக்கொண்டு 2 மீட்டருக்கு ஒன்று போடுவேன் தம்பி. இதுவரை யாரும் கேட்டதில்லை.

பம்ப்ரூம்:
அண்ணே, 2 மீட்டருக்கு ஒன்று போட்டாலும் அந்த ஹெட் ஏறத்தான் செய்யும். புதுசைட், லைனில் பிரஷர் எவ்வளவு?

புதுசைட்:
ஓடும்போது 5 பார். எல்லாம் மூடியிருந்தால் கேஜில் 8.

பம்ப்ரூம்:
அந்த 8தான் சிக்கல். இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 100 பிஎஸ்ஐ, சுமார் 6.9 பார் தாண்டி, சீலிங்குக்கு மேலே பிராஞ்சும் கீழே பெண்டன்ட்டும் இருந்தால் அந்த 36 இன்ச் செல்லாது. ஸ்டீலுக்கு 12 இன்ச்தான், 305 மி.மீ. காப்பர், சிபிவிசி பிளாஸ்டிக் என்றால் 6 இன்ச். அதோடு, பைப் மேலே எழும்பாமல் பிடிக்கிற ஹேங்கராகவும் இருக்க வேண்டும். ஹெட் திறந்ததும் தண்ணீர் கீழே பாயும், பைப்பை மேலே உதைக்கும். தண்ணீரைச் சிதறடிக்கும் டிஃப்ளெக்டர் தட்டு சீலிங்குக்குள் போய்விட்டால் தண்ணீர் சீலிங் பலகை மேல் கொட்டும், கீழே நெருப்பு பாட்டுக்கு எரியும். எடை தாங்குவது வேறு கதை. ரிங் ஹேங்கர்தானே? ராடை பைப்பைக் கிட்டத்தட்டத் தொடும்வரை இறக்கி, நட்டை இறுக்குங்கள். இல்லையென்றால், பைப்பை எழும்பவிடாமல் பிடிக்கும் சர்ஜ் கிளிப் போடுங்கள்.

புதுசைட்:
சரி. ஆனால் 305க்குள் ஆங்கர் அடிக்க முடியாத இடங்களில் ஏசி டக்ட் குறுக்கே போகிறதே?

பம்ப்ரூம்:
டக்ட்டைத் தாங்கும் ராடில் பைப்பைத் தொங்கவிடவே கூடாது. டக்ட்டின் இருபுறமும் ஸ்லாப்பிலிருந்து தனி ராட் இறக்கி, குறுக்கே ஆங்கிள் வைத்து டிரப்பீஸாகப் போடுங்கள். பைப் ஆங்கிள் மேல் சும்மா உட்காரக் கூடாது, யூ போல்ட் வேண்டும்.

புதுசைட்:
நன்றி. இன்று ஒரு ஹெட்டை மாற்றிவிட்டு அதே குச்சியால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. இன்னும் 41 இருக்கிறது, அப்புறம் சீலிங்காரரிடம் திட்டு வாங்குவது தனி.