2007-ல் முடங்கிய டிர்க் நோவிட்ஸ்கி 2011-ல் எப்படி ஜெயித்தார்?

மூன்றாம்_குவார்ட்டர்:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில், 2006-07 சீசனில் நோவிட்ஸ்கியின் டாலஸ் மேவரிக்ஸ் 67 ஆட்டம் ஜெயித்தது, அவருக்கு எம்விபி (சிறந்த வீரர் விருது). ஆனால் சீசனுக்குப் பிறகான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில், முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் அணி 4-2 என்று வெளியேற்றியது. 2011-ல் அதே ஆள் 32 வயதில் மயாமி அணியைச் சாய்த்து ஃபைனல்ஸ் எம்விபி வாங்குகிறார். இடையில் மாறியது என்ன? ஒற்றைக்காலில் எழும்பிப் பின்னால் சாய்ந்தபடி அவர் அடிக்கும் ஷாட்டைப் பழகுவது எப்படி?

எல்போ_41:
மாறியது அவர் பந்து வாங்கும் இடம். அந்த சீசனில் குறி பிசகவில்லை. 2006-07-ல் மொத்த ஷாட் 50.2%, மூன்று புள்ளி 41.6%, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) 90.4%. ஆனால் கோல்டன் ஸ்டேட் கோச் டான் நெல்சன், முன்பு டாலஸில் இவரை வளர்த்தவர். ஸ்டீபன் ஜாக்சன் மாதிரி உயரம் குறைந்த, வேகமான ஆட்களை உடம்போடு ஒட்டவிட்டார். டிர்க் பந்தைத் தரையில் தட்ட ஆரம்பித்ததும் இரண்டாவது ஆள் வந்துவிடுவார். குள்ளமானவரை முதுகால் தள்ளி அடிக்கும் ஆட்டம் டிர்க்கிடம் அன்று போதவில்லை.

பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி, கூடைக்கு முதுகு காட்டி வாங்க ஆரம்பித்தார். மைதானத்தின் நடு என்பதால் இரண்டாவது ஆள் எந்தப் பக்கம் வந்தாலும் கண்ணில் படும், இரண்டு மூலைக்கும் பாஸ் எட்டும். பலன்: 2011 மேற்குப் பிரிவு ஃபைனல் முதல் ஆட்டத்தில் ஒக்லஹோமாவுக்கு எதிராக 15 ஷாட்டில் 12, ஃப்ரீ த்ரோ 24-க்கு 24, மொத்தம் 48 புள்ளி.

வலைச்சத்தம்:
ஷாட்டுக்கு வருகிறேன். வலது கைக்காரர் இடது காலில் ஊன்றி, வலது முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். அந்த முழங்கால்தான் டிஃபெண்டரை ஓர் அடி தள்ளி நிறுத்துகிறது. பந்து நெற்றிக்கு மேலிருந்து உயரமான வளைவில் போகட்டும். முதலில் 6 அடி தூரத்தில், பந்தைத் தட்டாமல், டிஃபெண்டர் இல்லாமல் பழகுங்கள். பத்தில் ஏழு விழுந்தால்தான் ஓரடி பின்னால் நகருங்கள். பந்து கூடை வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தால் நீங்கள் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்கிறீர்கள். இடுப்பு சற்றுப் பின்னே போகலாம், தோள் மல்லாக்கச் சாயக் கூடாது. இடம் வலமாகத் தவறினால் ஊன்றிய பாதம் திரும்பியிருக்கிறது.

மூன்றாம்_குவார்ட்டர்:
முழங்கால் டிஃபெண்டர்மேல் பட்டால் ஃபவுல் யார்மேல்?

வலைச்சத்தம்:
முழங்கால் மேல்நோக்கி எழும்போது டிஃபெண்டர் உள்ளே வந்து மோதினால் அவர்மேல். நீங்கள் காலை முன்னால் நீட்டி உதைத்தால் உங்கள்மேல்.

எல்போ_41:
ஒன்று சேர்க்கிறேன். சக வீரர்கள் ஜேசன் கிட்டின் பாஸும் டைசன் சாண்ட்லரின் தடுப்பும் இல்லாமல் அந்த 2011 கோப்பை இல்லை. ஆனால் 21 சீசனும் ஒரே அணியில் ஆடி 31,560 புள்ளி எடுத்த ஏழடி ஆள், உயரமானவன் கூடைக்கு அடியில்தான் நிற்க வேண்டும் என்ற பழைய கணக்கையே உடைத்தார். கெவின் டுராண்ட், கோபி பிரையன்ட் இருவருமே அந்த ஒற்றைக்கால் ஷாட்டை எடுத்துக்கொண்டார்கள்.