இன்டர்வெல்லில் கழிவறைப் பக்கம் யார் நிற்பது? மாணவர்களுக்குள் நடக்கும் சீண்டலைத் தடுக்கத் திட்டம் வேண்டும்

தெற்குத்தெரு:
அரசு நடுநிலைப் பள்ளி. 6 முதல் 8 வரை 210 பிள்ளைகள், அந்த வகுப்புகளுக்கு 9 ஆசிரியர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, மாணவர்களுக்குள் நடக்கும் கேலி, மிரட்டல், அடிதடியைத் தடுப்பது பற்றி ஒரு பக்கத் திட்டம் எழுத வேண்டும். "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம், உறுதிமொழி எடுப்போம்" வகை வேண்டாம், அது ஏற்கனவே சுவரில் இருக்கிறது. கேள்விகள் இவை:

எது விளையாட்டு, எது கொடுமை, எப்படிப் பிரிப்பது? புகார் வந்த அன்று யார் என்ன செய்ய வேண்டும்? "டிசி கொடுத்து அனுப்பிவிடலாம்" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள், அது முடியுமா? புகார்ப் பெட்டி இருக்கிறது, ஆனால் எப்போது திறந்தாலும் காலி. ஏன்?

வேப்பங்காய்:
முதல் கேள்விக்கு நார்வேயில் ஆய்வாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த மூன்று அளவுகோல் இன்றைக்கும் பயன்படுகிறது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பேருக்கும் பலம் சமமாக இல்லாதது. நம் பள்ளியில் மூன்றாவதைத்தான் கவனிக்க மறந்துவிடுகிறோம். பலம் என்றால் உடம்பு மட்டும் கிடையாது. தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அண்ணன் பத்தாவதில் படிக்கிறானா, யார் கையில் போன் இருக்கிறது, யார் க்ளாஸ் லீடர், எல்லாம் பலம்தான். சமமான இருவர் சண்டை போட்டால் பிரித்துவிட்டுப் பேசவைக்கலாம். ஒரு பையனை நாலு பேர் தினமும் "கருவாயன்" என்று கூப்பிட்டு டிபன் பாக்ஸை ஒளித்துவைத்தால் அது சண்டைக் கணக்கில் வராது. விளையாட்டு என்றால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்குத் துரத்துகிறவன் நாளைக்கு ஓடுவான். எப்போதும் ஒரே பிள்ளை ஓடினால் அது விளையாட்டு இல்லை.

அடுத்து இடமும் நேரமும். பள்ளியின் வரைபடத்தை ஒரு ஏ4 தாளில் கோடு போட்டு வரைந்து 210 பிரதி எடுங்கள். ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடட்டும். பெயர் வேண்டாம், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் எழுத்தும் வேண்டாம், குறி மட்டும். அடுத்த நாள் அடுத்த வகுப்பு. மூன்றே நாளில் குறிகள் எங்கே குவிகின்றன என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கழிவறை வாசல், மாடிப்படித் திருப்பம், தண்ணீர்க் குழாய், சத்துணவு வரிசையின் கடைசி, சைக்கிள் நிறுத்துமிடம். மைதானத்தின் நடுவில் குறைவாகத்தான் இருக்கும். மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர் வழக்கமாக நிற்பதும் அந்த நடுவில்தான்.

9 பேரில் சுழற்சியாக இரண்டு பேர் இன்டர்வெல்லுக்கும், மூன்று பேர் மதிய இடைவேளைக்கும் போதும். ஆனால் "மைதானம்" என்று டூட்டி எழுதாதீர்கள். "கழிவறை வாசலும் படிக்கட்டும் ஒருசேரத் தெரியும் இடம்" என்று இடத்தைக் குறித்து எழுதுங்கள். மணி அடித்த பிறகு கிளம்பினால் பயனில்லை, 2 நிமிடம் முன்பே அங்கே இருக்க வேண்டும். அதனால் அந்த ஆசிரியருக்கு முந்தைய பீரியட் ஓய்வாக இருப்பதுபோல் டைம்டேபிள் போடுங்கள். டூட்டி அட்டவணை தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். ஆசிரியர் சோம்பேறி என்று சொல்லிப் பயனில்லை. பீரியட் மாறும்போது வகுப்பில் யாரும் இல்லாத அந்த நாலைந்து நிமிடத்தையும் கணக்கில் எடுங்கள். அந்த நேரத்தில் வகுப்பைக் க்ளாஸ் லீடர் கையில் கொடுத்து, பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறோமே, கையில் பிரம்பும் கொடுத்து? பெயர் எழுதாமல் இருக்க மிட்டாய் வாங்கும் லீடர் உருவாவது அங்கேதான். அந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இன்னொன்று. "ஏய் குண்டு, எந்திரி" என்று ஆசிரியரே கூப்பிட்டால் அந்தப் பெயர் அன்றைக்கே வகுப்பில் அரசாணை ஆகிவிடும்.

நூல்கண்டு:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இது: இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் "என்னடா பிரச்சினை" என்று கேட்டு, "ஸாரி சொல்லு, கைகுலுக்கு, போ". கைகுலுக்கின அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே "போட்டுக் கொடுத்தவனுக்கு" தனியாகக் கிடைக்கும். சமரசம் பேசவைப்பது சமபலம் உள்ளவர்களுக்கான வைத்தியம். இங்கே அது அடிபட்டவனையே மறுபடி அடித்தவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாக முடிகிறது.

அதற்குப் பதிலாக:

புகார் வந்த அன்றைக்கே, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில், தனியாகப் பேசுங்கள். வகுப்பிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்டர்வெல்லுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நோட்டுக் கட்டை எடுத்துவரச் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏன் முன்னாடியே சொல்லல?", "நீ என்ன செஞ்ச?" இரண்டையும் கேட்கக்கூடாது. கேட்க வேண்டியது: என்ன நடந்தது, எங்கே, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், இதற்கு முன் எத்தனை தடவை, நாளைக்கு எந்த நேரத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம், பாதுகாப்பை அதை வைத்துத்தான் திட்டமிட முடியும். பதிலைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினான்" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அது எந்த வார்த்தை என்று யாருக்கும் நினைவிருக்காது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "யாரிடம் சொல்ல வேண்டியிருந்தாலும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

பிறகு பார்த்தவர்கள், ஒவ்வொருவராக. அதன் பிறகுதான் செய்தவர்கள். நாலு பேர் என்றால் நாலு ஆசிரியர், நாலு அறை, ஒரே நேரம். ஒருவன் வெளியே வந்து மற்றவனுக்குக் கதை சொல்லிக்கொடுக்க இடம் வைக்காதீர்கள். யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்க வேண்டாம், "பல பேர் சொல்லித் தெரியும்" என்றால் போதும், அது உண்மையாகவும் இருக்கும். "நீ கெட்டவன்" என்ற பேச்சு எதற்கும் உதவாது. செய்தது இன்னது, இது நிற்க வேண்டும், நாளையிலிருந்து நீ எங்கே உட்காருவாய், இன்டர்வெல்லில் எங்கே இருப்பாய், இதை நான் கவனிப்பேன் என்று சொல்லுங்கள். இடம் மாற்ற வேண்டியிருந்தால் செய்தவனை மாற்றுங்கள். அடிபட்ட பிள்ளையின் செக்‌ஷனை மாற்றினால் தண்டனை அதற்குத்தான் என்று வகுப்பே புரிந்துகொள்ளும்.

இரண்டு வீட்டுப் பெற்றோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடக்கூடாது. வராந்தாவில் அடுத்த சண்டை ஆரம்பித்துவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் வரவே கூடாது.

அதற்குப் பின் தொடர்ந்து பார்ப்பது. 2 நாள், 1 வாரம், 4 வாரம் கழித்து மூன்று முறை பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். பதிவேட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, இடமும் நேரமும், நடந்தது, எடுத்த நடவடிக்கை, மறுபடி கேட்ட மூன்று தேதிகள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் புகார் முடியவில்லை என்று பொருள். குழுக் கூட்டத்தில் பெயர்கள் வேண்டாம், அந்தக் கட்டம் எத்தனை இடத்தில் காலி என்று மட்டும் கேளுங்கள்.

பின்பெஞ்சு:
எல்லாம் சரிதாங்க. ஆனா பசங்கன்னா அடிச்சுக்கத்தான் செய்வாங்க. "திருப்பி அடி"ன்னு பெத்தவங்க சொல்லிக் கொடுத்தா பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒருத்தனுக்கு டிசி கிழிச்சா மத்தவன்லாம் அடங்கிடுவான். இவ்வளவு பதிவேடு எதுக்கு?

நூல்கண்டு:
திருப்பி அடிக்கும் பலம் இருந்தால் அந்தப் பிள்ளையை யாரும் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள். நாலு பேருக்கு எதிராக ஒருவனைத் திருப்பி அடிக்கச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: இன்னும் அடி வாங்குவான், இல்லை காம்பஸைத் தூக்கிக் குத்திவிட்டுக் குற்றவாளியாக நிற்பான்.

பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம்தான் உண்மையான பலம் இருக்கிறது. கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வில், சம்பவங்களில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள், 19 விழுக்காட்டில்தான் யாரோ தலையிட்டார்கள். அப்படித் தலையிட்டபோது பாதிக்கு மேல், 57 விழுக்காடு, 10 விநாடிக்குள் நின்றுபோனது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கீவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டமும் இந்தப் பார்வையாளர்களை வைத்துத்தான் கட்டப்பட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது வீரம் கிடையாது. சிரிக்காதே, கூட்டம் சேராதே, "வாடா போலாம்" என்று அடிபடுகிறவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ, நேராக டூட்டி ஆசிரியரிடம் போய்ச் சொல். சொல்வதற்கு அங்கே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் என்பதால்தான் வேப்பங்காய் சொன்ன டூட்டி முதலில் வருகிறது.

மணிக்கூண்டு:
டிசி பற்றி: கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பிரிவு 16 தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது 8-ஆம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றத் தடை விதிக்கிறது. உங்கள் பள்ளி முழுக்க அந்த வரம்புக்குள்தான். பெற்றோரை நெருக்கி "அவர்களாகவே கேட்டதாக" டிசி எழுதி வாங்குவதும் சுற்றி வளைத்து அதையேதான் செய்கிறது. பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது, எனவே அடித்த பையனைப் பிரம்பால் அடித்துத் திருத்துவதும் கிடையாது.

பள்ளிக்குள் முடிக்கவே கூடாத வகைகள் உண்டு. கழிவறையில் உடையை அவிழ்ப்பது, அந்தரங்க உறுப்பைத் தொடுவது, அதைப் படம் எடுப்பது: இவை "பசங்க விளையாட்டு" என்று எழுதப்பட்டாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும். பிரிவு 19-இன்படி தெரிந்தவர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத பெரியவருக்குப் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னேன் என்பதோடு வகுப்பாசிரியரின் கடமை முடிந்துவிடாது.

வீடியோ இருந்தால் அதைச் "சாட்சிக்காக" யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். குழந்தையின் ஆபாசக் காட்சியைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம், நல்ல எண்ணம் இருந்தாலும். போனை அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

காவல்துறை என்றதும் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்று எல்லாரும் பதறுவார்கள். 7 வயதுக்குக் கீழே குற்றமே கிடையாது. 18-க்குக் கீழே சிறார் நீதி வாரியம்தான். சிறார் நீதி விதிகளின்படி, குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்ஐஆர் போடாமல் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

சாதி கலந்தால் தனியாகப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டது திடீரென்று நடந்ததில்லை, வகுப்பிலேயே தொடங்கிய சீண்டல் அது. அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, கல்வி உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க" என்ற ஒரே வாக்கியம் 40 பேருக்கு மத்தியில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். "நீ எந்தத் தெரு?" என்ற கேள்வி வகுப்பில் அடிக்கடி கேட்டாலும் காது கொடுங்கள்.

தெற்குத்தெரு:
மிக்க நன்றி. டூட்டி அட்டவணையும் ஐந்து கட்டப் பதிவேடும் திட்டத்தில் ஏறிவிட்டன. புகார்ப் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே?

வேப்பங்காய்:
எங்கே மாட்டியிருக்கிறது? தலைமையாசிரியர் அறை வாசல் என்றால் அதுதான் காரணம். சீட்டுப் போடுகிறவனைப் பள்ளியே பார்க்கும். கழிவறை வாசலில் மாட்டினால் சீண்டுகிறவன்தான் காவல் நிற்பான்.

பெட்டியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாருக்கும் ஒரே அளவுச் சீட்டு. எழுத ஒன்றுமில்லாதவர் "ஒன்றுமில்லை" என்று எழுதி மடித்துப் போட வேண்டும். எல்லாரும் எழுதினால் யார் எழுதினார் என்ற பேச்சே வராது. கேள்வியும் விரிவாக இருக்கட்டும்: "உன்னைக் கொடுமைப்படுத்தினார்களா?" என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்றுதான் எழுதும், தனக்கு நடப்பதற்கு அந்தப் பெயர் என்று அதற்குத் தெரியாது. "இந்த வாரம் யாருடைய பொருளையாவது பிடுங்கினார்களா? யாரையாவது சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கினார்களா? பட்டப்பெயர் சொன்னார்களா? எங்கே?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றி எழுதப் பயப்படும் பிள்ளை அடுத்தவனைப் பற்றி எழுதும்.

அந்த வகுப்பின் ஆசிரியர் சீட்டைப் பிரிக்கக்கூடாது, கையெழுத்து தெரியும். வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரும் குழுவிலிருந்து ஒரு தாயும் சேர்ந்து திங்கள் காலையில் பிரிக்கட்டும். ஆசிரியரைப் பற்றியே புகார் வந்தால் அமுக்கிவிடாமல் இருக்கவும் இந்த ஜோடி வேண்டும். புதன்கிழமை பிரேயரில், பெயர் எதுவும் இல்லாமல், என்ன மாறியது என்று ஒரு வரி சொல்லுங்கள்: "தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இனி ஆசிரியர் நிற்பார்." முதல் இரண்டு வாரம் சீட்டில் படம் வரைவார்கள், சினிமாப் பாட்டு எழுதுவார்கள். அதை வைத்து யாரையும் திட்டாதீர்கள், சோதித்துப் பார்க்கிறார்கள்.

மணிக்கூண்டு:
சீட்டின் பின்பக்கம் 1098, 14417 இரண்டையும் அச்சிடுங்கள். முதலாவது குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. இரண்டாவது தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். சுவரில் ஒட்டியதை நின்று குறித்துக்கொண்டால் மற்றவர்கள் பார்ப்பார்கள். சீட்டு என்றால் பைக்குள் போய்விடும். அதனால் வகுப்புக்கு 40 சீட்டு வேண்டுமென்றால் 50 அச்சடித்து மிச்சத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள், எண்ணிப் பார்க்க வேண்டாம்.